கித்தாக்காட்டுச் சரிவில் ஒரு பிரேக் பாடம்

ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் அப்படி ஒரு வழி கிடையாது. நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குள் மலைச் சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் நிலம் அலை அலையாகத்தான் கிடக்கும். ஒரு குன்றின் மேல் ஏறி நின்றால், அடுத்த பக்கம் செம்மண் சடக்கு நேராகக் கீழே இறங்கும். அடியில் ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் வாய்க்கால், அதன் மேல் குறுகலான பாலம். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் வரலாம். பாதையின் நடுவில் மாடு படுத்திருக்கலாம். மாலை மழை பெய்திருந்தால் மறுநாள் காலையிலும் அந்தச் செம்மண் சோப்பு தடவியது போல வழுக்கும்.

நான் சிரம்பானில் அலுவலக வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு தோட்டப் பாதைகளில் ஓட்டுவது பல ஆண்டுப் பழக்கம். எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் டயரைப் பற்றிக் கேட்பார்கள், கியரைப் பற்றிக் கேட்பார்கள், சைக்கிளின் எடையைப் பற்றிக் கேட்பார்கள். பிரேக்கைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. முதல் நீண்ட இறக்கத்துக்குப் பிறகுதான் கேட்பார்கள்.

பெயர்களில் மிஞ்சியவை

இந்தப் பாதைகளில் போகும்போது கண்ணில் படும் பெயர்ப்பலகைகள் நம் வீட்டுப் பெரியவர்களின் பேச்சில் வருகிற பெயர்கள். லின்சம், பிராட்வால், சுவா பெத்தோங், அதர்டன், கெட்டிஸ், ரீஜண்ட், ரெப்பா. பல இடங்களில் லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன, குடும்பங்கள் தாமானுக்குப் போய்விட்டன. தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பள்ளியின் பெயரில் நிற்கிறது. பள்ளியை விட்டால் கோயில். செம்பனை வரிசைகளுக்கு நடுவே திடீரென்று ஒரு மாரியம்மன் கோயில் கோபுரம் தெரிந்தால், அங்கே ஒரு காலத்தில் பெரிய லயம் இருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தத் தோட்டங்களுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிடப் பழையது. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் சைக்கிள் மோகம் பிடித்தது. ரப்பருக்குத் தேவை பெருகியது. பின்னால் கார் வந்து அந்தத் தேவையைப் பல மடங்கு ஆக்கியது. பிரேசிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்காம் கொண்டுபோன விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்து, மறு ஆண்டே கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்திருந்தன. காப்பி நட்டிருந்த நிலங்களில் பால்மரம் ஏறியது. அந்த மரங்களைச் சீவத்தான் நம் முன்னோர்கள் கப்பல் ஏறி வந்தார்கள். டன்லப்பின் பெயரைத் தாங்கிய நிறுவனமே பிறகு மலாயாவில் பெரிய தோட்டங்களை வைத்திருந்தது. பகாவிலுள்ள கெட்டிஸ் தோட்டம் அவற்றில் ஒன்று.

போரும் இங்கே சைக்கிளில்தான் வந்தது. 1942 ஜனவரி 14 அன்று கிம்மாஸுக்கு அருகே கெமென்சே ஆற்றுப் பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் மறைந்திருந்தார்கள். சாரி சாரியாகச் சைக்கிளில் வந்த ஜப்பானியச் சிப்பாய்களில் ஒரு பகுதியினரைப் பாலம் தாண்ட விட்டுவிட்டு, பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தெற்கே போகும் வழியில் டயர் வெடித்தாலும் ஜப்பானியர்கள் நிற்கவில்லை, வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டிப் போனார்கள் என்பது அந்தப் போரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் குறிப்பிடும் செய்தி. இன்று கெமென்சே பாலத்தருகே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஓட்டுகிறவர்கள் பத்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம்.

கம்பி பிரேக் காலம்

சிலியாவ் பக்கம் ஒரு தோட்டக் கோயில் திண்ணையில் நாங்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர் வந்து என் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். இளமையில் மரம் சீவியவர், பிறகு தோட்ட லாரி ஓட்டியவர்.

“ஏன் தம்பி, பிரேக்குக்குக் கம்பியே காணோமே?”

“எண்ணெய்ங்க ஐயா. பிடியை அழுத்தினா குழாய்க்குள்ள எண்ணெய் போய்த் தள்ளும்.”

“லாரி பிரேக்கு மாதிரியா?”

“அதேதாங்க ஐயா.”

“அப்போ காத்து புகுந்தா பிடிக்காதே. யாரு காத்து எடுக்கிறது?”

“நான்தாங்க, வீட்டுலயே.”

அவர் தலையாட்டினார். அவர் காலத்து ராலே சைக்கிளில் இரும்புக் கம்பிகள்தான் பிரேக்கை இழுக்கும். ரப்பர்க் கட்டைகள் சக்கர வளையத்தின் உள்பக்கம் போய் உரசும். மழையில் நனைந்தால் பாதிதான் பிடிக்கும். பின்னால் பால் டின்னைக் கட்டிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது, செருப்புக் காலை டயரில் அழுத்தி வேகத்தைக் குறைப்பார்களாம். கம்பியைத் திருகுவது, கட்டையை மாற்றுவது எல்லாம் லயத்து வாசலிலேயே நடக்கும்.

“உளியையும் நாங்களேதான் தீட்டிக்குவோம். அடுத்தவன் தீட்டினது கைக்கு நிக்காது” என்றார்.

பால்மரத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். உளி மழுங்கி இருந்தாலோ, கை சற்று அழுந்தினாலோ உள்ளே இருக்கும் வளர்திசு காயப்படும். அந்த இடத்தில் புதுப் பட்டை சரியாக வளராது. ஆகவே உளியின் கூர்மை எப்படி இருக்கிறது என்பது அதைப் பிடிக்கிற கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோட்டச் சரிவில் இறங்குகிறவருக்கு பிரேக்கும் அப்படித்தான்.

எண்ணெய்க்குள் காற்று

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கின் தத்துவம் எளிது. மூடிய குழாயில் நிறைந்திருக்கும் திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் போகும். பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான் இது. பிடியில் உள்ள சிறிய பிஸ்டனை விரல் தள்ளுகிறது. சக்கரத்தருகே கேலிப்பரில் உள்ள பெரிய பிஸ்டன்கள் பல மடங்கு விசையோடு பிரேக் பேடுகளை இரும்புத் தட்டின் மேல் அழுத்துகின்றன. அதனால்தான் ஒற்றை விரலால் பிடித்தே ஒரு ஆளை நிறுத்த முடிகிறது.

எண்ணெயைச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். குழாய்க்குள் ஒரு குமிழி புகுந்தால், விரல் தரும் விசை அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். பிடி பஞ்சு போல மெத்தென்று இறங்கி, கைப்பிடி வரை வந்து தொடும். இரண்டு மூன்று முறை தொடர்ந்து அழுத்தினால் பிடி கெட்டியாகி, சற்று நேரம் கழித்து மறுபடி மெத்தென்று ஆனால், பெரும்பாலும் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள்.

வெப்பமும் சேரும்போது ஆபத்து கூடும். ஆளும் சைக்கிளுமாக 90 கிலோ எடை 100 மீட்டர் உயரம் இறங்கினால், வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 88,000 ஜூல். கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே அது போதும். காற்றின் தடை கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும், பிரேக் பிடித்தபடி இறங்கினால் பெரும்பகுதி அந்த இரு தட்டுகளிலும் பேடுகளிலும்தான் வெப்பமாக இறங்குகிறது. தோட்டக் குன்றுகளை விடுங்கள். புக்கிட் பூத்துஸ் பழைய சாலையிலோ, ஜெலுபு போகும் புக்கிட் தங்கா வளைவுகளிலோ இறங்கும்போது இந்தக் கணக்கு பல மடங்காகும்.

எந்த எண்ணெய்?

இந்த இடத்தில் அவசரம் கூடாது. சைக்கிள் பிரேக்குகளில் இரண்டு வகைத் திரவங்கள் உண்டு. ஷிமானோ, மகூரா, டெக்ட்ரோ ஆகியவை மினரல் எண்ணெய். ஸ்ராம் நிறுவனத்தின் பெரும்பாலான மாடல்களும் ஹோப் பிரேக்குகளும் டாட் வகைத் திரவம்; ஸ்ராமின் சில புதிய மாடல்கள் மட்டும் மினரல் எண்ணெய்க்கு மாறியுள்ளன. பிடியின் மேலோ, தயாரிப்பாளரின் கையேட்டிலோ எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் போத்தலைத் திறக்க வேண்டும்.

ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் என்ன ஆகும்? பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. எண்ணெய் கசியாமல் தடுப்பதும், பிடியை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதும் அதன் வேலை. டாட் பிரேக்கில் இருக்கும் வளையம் மினரல் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். மினரல் எண்ணெய் பிரேக்கில் இருப்பது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். அதற்கு டாட் ஒத்துக்கொள்ளாது. நம் தோட்டத்துப் பால்மரம் தந்த இயற்கை ரப்பரும் மினரல் எண்ணெயில் உப்பிப்போகும். டயருக்கு உயிர் கொடுத்த பாலுக்கு இந்த பிரேக்குக்குள் இடமில்லை. இந்த வேலைக்குக் கையுறை போடும்போதும் பால் ரப்பர் கையுறையைத் தவிர்த்து, நீல நிற நைட்ரைல் கையுறையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதுதான்.

டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 5.1 குறைந்தது 260 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 180 ஆகக் குறைகிறது. ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் நம் நாட்டில், திறந்து வைத்த போத்தலை அடுத்த ஆண்டு பயன்படுத்தக் கூடாது. டாட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கான் திரவம், 5.1க்கு அது மாற்று ஆகாது. மினரல் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் எப்படியாவது தண்ணீர் புகுந்தால், அது அடியில் உள்ள கேலிப்பரில் போய்த் தங்கி, 100 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும்.

பின்கட்டில் ஒரு மணி நேரம்

அதிகம் புழங்கும் ஷிமானோ வகையை வைத்துச் சொல்கிறேன். தேவையானவை: அதற்குரிய மினரல் எண்ணெய், பிடியில் திருகும் புனல், குழாய் மாட்டிய சிரிஞ்ச், கேலிப்பருக்குள் செருகும் பிளாஸ்டிக் கட்டை, நிப்பிளுக்குப் பொருந்தும் ஸ்பேனர், 2.5 மி.மீ. ஆலன் கீ, சுத்தமான துணி, ஐசோபுரோபைல் ஆல்கஹால்.

முதலில் சக்கரத்தைக் கழற்றித் தூரமாக வையுங்கள். பிரேக் பேடுகளையும் கழற்றி எடுத்துவிடுங்கள். இதைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது. ஒரு சொட்டு எண்ணெய் பேடில் பட்டால் அதைத் துடைத்துப் பயனில்லை, புதிதுதான் வாங்க வேண்டும். கையில் எடுக்கும்போதே பேடின் தடிமனையும் பாருங்கள். தேய்ந்து அரை மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் அதையும் மாற்றிவிடலாம். பிஸ்டன்களை மெதுவாக உள்ளே தள்ளி, பிளாஸ்டிக் கட்டையைச் செருகுங்கள்.

பிடியைத் தரைக்கு இணையாகத் திருப்பி, அதன் மேலுள்ள சிறு திருகாணியை எடுத்துவிட்டுப் புனலை மாட்டுங்கள். திருகாணியோடு வரும் குட்டி ரப்பர் வளையத்தைத் தொலைத்துவிடாதீர்கள். புனலில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுங்கள். சிரிஞ்சில் எண்ணெய் ஏற்றி, ஊசி போடும் தாதி செய்வது போல மேல்நோக்கிப் பிடித்துக் காற்றை வெளியே தள்ளிவிட்டு, அதன் குழாயைக் கேலிப்பர் நிப்பிளில் மாட்டுங்கள்.

நிப்பிளை எட்டில் ஒரு சுற்று திறந்து, சிரிஞ்சை நிதானமாக அழுத்துங்கள். கீழிருந்து மேலே தள்ளுவதற்குக் காரணம் இருக்கிறது: காற்றுக் குமிழி தானாகவே மேலே போக விரும்பும், எண்ணெய் அதற்குத் துணை போகிறது. புனலில் குமிழிகள் வரும். பழைய எண்ணெய் கறுத்திருந்தால் அதன் நிறமும் தெரியும். குமிழி நின்றதும் நிப்பிளை மூடுங்கள்.

அடுத்து சிரிஞ்சை எடுத்துவிட்டு, ஒரு சிறு போத்தலோடு இணைந்த குழாயை நிப்பிளில் மாட்டித் திறங்கள். இப்போது எண்ணெய் புனலிலிருந்து கீழே இறங்கும். புனல் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வற்றினால் மறுபடி காற்று உள்ளே போகும். குழாயையும் கேலிப்பரையும் திருப்புளியின் கைப்பிடியால் மெல்லத் தட்டினால், ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழிகள் விடுபடும். குமிழி நின்றதும் நிப்பிளை மூடுங்கள். பிறகு பிடியை அழுத்திப் பிடித்தபடி, நிப்பிளை அரை வினாடி மட்டும் திறந்து மூடுங்கள். இரண்டு மூன்று முறை போதும். இதற்கு இரண்டு கை போதாது என்று தோன்றினால், வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் அக்காவின் மகன்தான் பிடியைப் பிடிக்கிறான். “மாமா, இன்னொரு குமிழி!” என்று அவன் கத்தும்போது பாஸ்கலை நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, நிப்பிளை இறுக்கி மூடிவிட்டு, பிடியை மெல்ல மெல்லப் பலமுறை அழுத்துங்கள். பிடியின் கோணத்தைச் சற்று மேலும் கீழும் சாய்த்தால் ஒளிந்திருக்கும் குமிழிகளும் புனலுக்கு வரும். பிடி கல் போல நின்றால் வேலை முடிந்தது. புனலை அடைப்பானால் மூடிக் கழற்றுங்கள். துளையில் எண்ணெய் விளிம்பு வரை நிற்க, அப்படியே திருகாணியைப் போடுங்கள். கொஞ்சம் வழியும், வழியட்டும். துணியால் துடைத்து, கேலிப்பரை ஆல்கஹாலால் சுத்தம் செய்து, பிளாஸ்டிக் கட்டையை எடுத்துவிட்டு, பேடுகளையும் சக்கரத்தையும் மாட்டுங்கள். பிடியைப் பலமாக அழுத்திப் பிடித்து, எங்காவது கசிகிறதா என்று பாருங்கள்.

பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். மினரல் எண்ணெயை ஒரு போத்தலில் சேர்த்து வைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் மோட்டார் பட்டறையில் கொடுக்கலாம். டாட் திரவத்தை அதோடு கலக்காமல் தனியாகக் கொண்டுபோய்க் கேளுங்கள். டாட் சைக்கிள் சாயத்தையும் அரித்துவிடும். பட்டால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும்.

சரிவுக்குப் போகும் முன்

சேற்றிலும் மழையிலும் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை இந்த வேலையைச் செய்வது நல்லது. செய்த அன்றே குன்றின் உச்சிக்குப் போக வேண்டாம். தாமான் சாலையில் மெதுவாக ஓட்டி, பத்து இருபது முறை பிடித்துப் பாருங்கள். முன் பிரேக், பின் பிரேக் இரண்டும் தனித்தனியாகச் சைக்கிளை நிறுத்த வேண்டும். எவ்வளவு முயன்றும் பிடி மெத்தென்றே இருந்தால், ரப்பர் வளையமோ குழாயோ பழுதாகியிருக்கலாம். அதற்குப் பிறகு பட்டறைக்குப் போவதுதான் சரி.

தோட்டம் தனியார் நிலம் என்பதையும் மறக்கக் கூடாது. நம் தாத்தா பாட்டி அங்கே உழைத்தார்கள் என்பதற்காகக் கேட்டுத் திறக்கும் கேட் எதுவும் இல்லை. காவல் கொட்டகையில் அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருப்பவர் இரண்டு கேள்வி கேட்பார்: எங்கே போகிறீர்கள், எத்தனை பேர். மருந்தடிக்கும் நாளாக இருந்தால் அவரே வேறு பாதையைக் காட்டுவார். உள்ளே வேலை செய்கிறவர்கள் இன்று பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நாம் பொழுதுபோக்காக இறங்குகிற அதே சடக்கில்தான் அவர்கள் குலைகளை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். வளைவில் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டியது நாம். அப்படி ஒதுங்குவதற்கும் பிரேக் வேண்டும்.

பெரியவர் சொன்ன உளியை இன்று நம் பிள்ளைகளில் யாரும் தீட்டப் போவதில்லை. அந்த வேலையிலிருந்து விடுபட்டதற்காக யாரும் வருந்தவும் வேண்டாம். ஆனால் உயிரை நம்பி ஒப்படைக்கிற கருவியைத் திறந்து பார்க்கவும், அது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளவும், அடுத்தவரைக் காத்திராமல் சரிசெய்யவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு சிரிஞ்சும், கொஞ்சம் எண்ணெயும், ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய மாலையில் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும். மறுநாள் காலையில் காவல் கொட்டகையைத் தாண்டுவதற்கு முன், இரண்டு பிடிகளையும் அழுத்திப் பத்து எண்ணுங்கள். விரலுக்கடியில் அது இறங்காமல் நின்றால் குன்றேறலாம்.